மஞ்சளாய் எழும்பிய மண்

மலைச்சரிவின் அடியை வெட்டுவதற்கு முன்பு அதன் தலைப்பகுதியில் சிமெண்டு பூசிய வடிகால் ஒன்று அமைக்க வேண்டும். மேலிருந்து வரும் மழைநீரைச் சரிவுக்குள் இறங்கவிடாமல் அது பக்கவாட்டில் கொண்டுபோய் விட வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் அதைத் துப்புரவு செய்ய வேண்டும். செய்ததற்கு அடையாளமாக ஒருவர் கையெழுத்திட வேண்டும். இது ஆலோசனை அல்ல, விதி. பணியில் இருந்த காலம் முழுவதும் எத்தனையோ வரைபடங்களின் ஓரத்தில் இந்த வாசகத்தை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்கும் அது பொருந்தும். சரிவுக்குத்தான் அது தெரியாது.

மலாய் நாட்டுச் சிற்றூரான செலண்டாருக்குச் சற்று வெளியே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் விளிம்பில் எங்கள் வீட்டு வரிசை இருக்கிறது. தோட்டம் கைமாறி, ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தபோது, தொழிலாளர் இருந்த லயன் வீடுகளை இடித்துவிட்டுக் குன்றின் அடியை வெட்டி இந்த வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். குன்றின் மேல் வடிகால் இருக்கிறது. ஓய்வு பெற்று இங்கே வந்த முதல் மாதமே ஏறிப் போய்ப் பார்த்தேன். வெட்டிய செம்பனை மட்டைகளை அடுக்கி வைக்க அதைவிட வசதியான பள்ளம் தோட்டத்தில் வேறெங்கும் இல்லை போலும். மட்டைகள் மக்கி, அதன்மேல் பெரணி முளைத்து, அங்கே ஒரு வடிகால் இருந்ததை நானும் அதைக் கட்டியவர்களும் மட்டுமே அறிவோம்.

நான் வேலை பார்த்தது நிலமும் நீரும் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில், தொழில்நுட்ப உதவியாளராக. எங்கள் வரிசையில் அதைச் சொல்லிப் பயனில்லை. தோட்டத்தில் ஆட்களின் பெயர் எழுதிய எழுத்தர் கிராணி. ஆகவே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிய எல்லோரும் கிராணிதான். நானும் கிராணியார் ஆனேன்.

ஓய்வுக்குப் பிறகு நாட்களுக்கு ஓரங்கள் இல்லாமல் போய்விடுகின்றன. மதியம் தேநீரை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்காருவேன். எதிரே சரிவு. மழைக்கு முந்தைய அந்த வெளிறிய வெளிச்சத்தில் பெரணிகள் அசையாமல் நிற்கும். செம்பனைகளுக்குள் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் நெடுநேரம் போய்க்கொண்டே இருக்கும். கண் பாதி மூடியிருக்கும்போதுதான் குன்று நன்றாகத் தெரியும் என்பது என் அனுபவம். முழுக்கத் திறந்து பார்த்தால் அது சும்மா நிற்பதுபோல் நடித்துவிடும்.

எங்கள் அலுவலகக் கையேட்டில் மண் நகரும் வகைகள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருந்தன. பாறை உடைந்து விழுவது ஒன்று. ஒரு பாளம் அப்படியே கீழே சறுக்குவது ஒன்று. நீரைக் குடித்துக் கூழாகி வழிவது ஒன்று. கடைசியில், அதிகம் யாரும் படிக்காத பக்கத்தில், ஊர்வது. மண் ஊர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. மரங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சரிவில் மிச்சமிருந்த நான்கைந்து ரப்பர் மரங்களும் அடியில் முழங்கால்போல் வளைந்து, பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தன. மண் அவற்றின் காலைக் கீழே இழுக்க இழுக்க, அவை தலையை மேலே நிமிர்த்தியபடியே வளர்ந்திருக்கின்றன. என் அலுவலகத்தில் கோப்புகள் நகர்ந்த விதத்தையும் நான் இந்த வகையில்தான் சேர்ப்பேன்.

வரிசையின் கடைசி வீட்டில் ஒரு தங்கச்சி இருந்தாள். உறவு ஒன்றும் இல்லை. அவள் என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். கணவர் இறந்தபின் இட்லி செய்து செலண்டார் பாசாரில் விற்று வந்தாள். அவள் சமையலறையின் பின்சுவர் சரிவிலிருந்து இரண்டு எட்டு தூரம். விடியுமுன் எழுந்து வேலை செய்பவள் என்பதால், பாசாரிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, பின்கதவைத் திறந்து வைத்து, அந்தச் சமையலறையிலேயே பாய் விரித்துப் படுப்பாள். குன்றிலிருந்து வரும் குளிர்ச்சிக்கு மின்விசிறி தேவையில்லை என்பாள்.

அவளுடைய கொடிக்கயிறுதான் முதலில் சொன்னது. அதன் ஒரு முனை சமையலறைச் சுவரில், மறுமுனை சரிவில் நட்ட கம்பத்தில். மாதத்துக்கு ஒருமுறை கயிறு தொய்ந்து புடவைகள் தரையைத் தொட்டன. அவள் அவிழ்த்து இழுத்துக் கட்டி, மிஞ்சிய நுனியை வெட்டிப் போடுவாள். மறுபடி தொய்யும். மூன்றாவது கயிறும் தொய்ந்தபோது, பாசார் மூலையில் கடை வைத்திருக்கும் பாயிடம் போய்ச் சண்டை போட்டாள்.

"என்ன பாய், ரப்பர் கயிறா விக்கிறீங்க? வாரா வாரம் நீளுது!"

"கயிறு எங்கம்மா நீளும்? இது கப்பல் கட்டுற கயிறு. ஒன் வீட்டு செவுரு நடக்குதான்னு போய்ப் பாரு."

அவர் கிண்டலாகச் சொன்னார். பாதி சரி. நடந்தது சுவர் அல்ல, கம்பம்.

ஆடி மாதத்தில் மண் எழும்பியது. சமையலறைக்குப் பின்னால், வேப்பமரத்தின் அருகே, சமதளமாக இருந்த இடம் மெல்ல வீங்கிக் கொழுக்கட்டைபோல் மேடானது. பிறகு அதன் உச்சியில் வெடிப்பு விட்டது. வெடிப்புக்குள்ளிருந்து வந்த மண் மஞ்சள். எங்கள் பக்கத்தில் மேல்மண் செம்மண். அடியில் வெகு ஆழத்தில்தான் அந்த மஞ்சள் களி கிடக்கும். கிணறு தோண்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் வரிசையில் கிணறு தோண்டியவர் யாரும் இல்லை. ஆடி மாதம், வேப்பமரத்தடி, தானாக எழும்பிய மேடு, தானாகவே பூசிக்கொண்டு வந்த மஞ்சள். இதற்கு மேல் அம்மனிடம் வேறென்ன சான்று கேட்க முடியும்?

வரிசையில் ஒரு தலைவர் இருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். எதற்குத் தலைவர் என்பது அதுவரை தீர்மானமாகவில்லை. அம்மன் வந்ததும் தீர்ந்தது. குங்குமம் வைத்தார், மஞ்சள் துணி சுற்றினார், துத்தநாகத் தகட்டில் ஒரு கூரை போட்டார். செவ்வாயும் வெள்ளியும் பாலும் தண்ணீருமாக அபிஷேகம். மெர்லிமாவிலிருந்துகூட ஆட்கள் வந்து போனார்கள். தங்கச்சி எல்லோருக்கும் இட்லி கொடுத்தாள். கணவர் போன பிறகு அவள் வீட்டைத் தேடி மனிதர்கள் வந்தது அப்போதுதான். அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் விளக்கம் சொல்லப் போனேன். சாய்வு நாற்காலியில் ஒருவர் சரிந்து உட்காரும்போது முதுகு கீழே இறங்கும், கால் மேலே எழும்பும். குன்று இப்போது அப்படித்தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மேலே போய்ப் பாருங்கள், பிறை வடிவில் ஒரு பிளவு இருக்கிறது, அதுதான் முதுகு. இந்த மேடு கால். காலின் கனம்தான் முழு ஆளும் வழுக்கி வராமல் பிடித்திருக்கிறது. இப்படிச் சொன்னேன்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "கிராணியாரே, ஒங்க ஆபீஸ் புக்குல அம்மன் வருவான்னு எழுதியிருக்காதுலா."

"எழுதியிருக்கு. அடிவீக்கம்னு பேர் போட்டிருக்கு."

"கேட்டீங்களா! அம்மனுக்கு வீக்கமாம். மருந்து போட கிராணியார் வந்திருக்கார்!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சி சிரிக்கவில்லை. "அண்ணே, மொதல்ல கன்னத்துல போட்டுக்குங்க," என்றாள். போட்டுக்கொண்டேன். அதைத் தடை செய்யும் விதி எதுவும் எனக்கு நினைவில்லை.

பிறகு நான் அறிந்த வழியில், என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். புகார் முகப்பில் இருந்த இளம்பெண், தமிழ்ப் பெண்தான், படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.

"மண்ணு சரிஞ்சிருச்சா அங்கிள்?"

"இன்னும் இல்லை. சரியப் போகிறது."

"அப்ப இந்தக் கட்டத்துல டிக் பண்ண முடியாதே. இது சரிஞ்சதுக்கு. மரம் விழுந்ததுக்கு இது. ரோடு ஒடஞ்சதுக்கு இது."

"சரியப் போவதற்குக் கட்டம் இல்லையா?"

"இல்ல அங்கிள். சரிஞ்சதும் வாங்க, ஒடனே எடுத்துக்குவோம்."

அவள் மரியாதையான பெண். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படிவத்தின் முதல் நகலைப் பிழை திருத்தியவன் நான். அரைப்புள்ளிகளைக்கூடச் சரிபார்த்தேன். இனி நடக்கப்போவதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே கடிதமாக எழுதினேன். பிளவின் படம், மேட்டின் படம், தங்கச்சி வெட்டிப் போட்ட கயிற்றுத் துண்டுகளின் நீளம், தேதிவாரியாக. கடிதத்தின் மூன்று பிரதிகளை மூன்று பிரிவுகளுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது இப்படி எழுதுபவர்களை எங்களுக்குள் என்ன பெயரிட்டு அழைத்தோம் என்பது நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டிச் சத்தம் கேட்டுப் பின்பக்கம் போனேன். அம்மனுக்குப் பளிங்குக்கல் பதித்த பீடம் கட்டப்போகிறார்கள். பீடத்துக்குச் சமதளம் வேண்டும். ஆகவே மேட்டை வெட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவிலிருந்து ஒரு குடம் மஞ்சள் மண்ணை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். புனித மண் அல்லவா, காலில் மிதிபடும் இடத்தில் கொட்டக் கூடாது. நல்ல உயரமான, யாரும் நடக்காத இடமாகப் பார்த்து, மூச்சு வாங்க வாங்க, குன்றின் மேல் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிளவின் ஓரத்தில்.

கையேட்டில் சிவப்பு எழுத்தில் இரண்டு விலக்குகள் இருந்தன. சரிவின் அடியிலிருந்து கனத்தை அகற்றாதே. சரிவின் தலையில் கனத்தை ஏற்றாதே. பெரிய நிறுவனங்கள் லாபத்துக்காக இவற்றில் ஒன்றைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே காலையில், தேங்காய் உடைத்து, பக்தியோடு செய்தவர்கள் எங்கள் வரிசையினர் மட்டுமே.

கத்தினேன். கையைப் பிடித்தேன். தலைவர் என் தோளைத் தட்டி, காப்பி குடிக்கச் சொன்னார். மண்வெட்டியை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு வயதும் இல்லை, அதிகாரமும் இல்லை. திறந்திருந்த பின்கதவு வழியே தங்கச்சியின் பாய் சுருட்டிச் சாத்தியிருப்பது தெரிந்தது. அடுப்பு, அரிசி மூட்டை, பாய். மதியம் அவள் அங்கேதான் படுப்பாள். மேகம் ஏற்கெனவே கட்ட ஆரம்பித்திருந்தது.

அப்போது என் வாழ்க்கையில் முதல்முறையாக, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு விதியை நான் இயற்றினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அலுவலகக் குரலில் சொன்னேன்:

"பீடம் கட்டுங்க, வேணாங்கல. ஆனா பீடத்துக்கு ஒட்டுனாப்ல கருவாடு பொரிக்கிற அடுப்பு இருக்கக் கூடாது. அம்மனுக்கு நேரா கால் நீட்டிப் படுக்கவும் கூடாது. பீடம் கட்டி முடிச்சு மண்டலம் கழியற வரைக்கும் அந்த அறையில ஆள் பொழங்கவே கூடாது."

தலைவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். நான் முதல்முறையாக உருப்படியாக ஏதோ சொல்லிவிட்டேன் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "ஆமாலா. ஆகமத்துல இருக்கு," என்றார். எந்த ஆகமத்தையும் அவர் கண்ணால் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. ஆகையால் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. அவரே உள்ளே போய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு முன்பக்கத்து அஞ்சடியில், கூரை இறங்கிய அந்த நடைபாதையில், வைத்தார். அரிசி மூட்டை போனது, இட்லிப் பானை போனது, கடைசியில் பாய்.

தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எதுலண்ணே இருக்கு இது?"

"வழக்கத்துல."

"அஞ்சடில அடுப்பு வச்சா தெரு நாய்க்கெல்லாம் நான்தான் காவல்," என்றாள். ஆனால் பாயை அங்கேயே விரித்தாள்.

நான்காம் நாள் மதியம். காலையிலிருந்தே மழை. நான் குடையோடு என் பின்வாசலில் நின்றிருந்தேன். அந்த நான்கு நாளும் அப்படித்தான் நின்றேன். மழை சற்று ஓய்ந்து, எல்லாம் பால்போல் வெளுத்திருந்த ஒரு நேரத்தில், சரிவுக்குள் துணி கிழிவதுபோல் மெல்லிய ஓசைகள். வேர்கள் அறுபடுகின்றன என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அது வேறு யாருக்கோ தெரிவதுபோல் இருந்தது. வேப்பமரம் நின்றபடியே நடந்து வந்தது. விழவில்லை, சாயவில்லை. கிளைகளில் இருந்த ஈரம்கூட உதிராமல், ஒரு பெரிய மனுஷி கூட்டத்துக்குள் வருவதுபோல் வந்தது. துத்தநாகக் கூரை அதன் முன்னால் மடங்கியது. மேலே குன்றின் தோள் இறங்கி, புதிதாக ஒரு சிவந்த சுவர் வானத்தின் கீழே தெரிந்தது. சமையலறையின் பின்சுவர் உள்ளே குனிந்தது. அதன்பிறகுதான் சத்தம் வந்தது. நெடுநேரம் கழித்து வந்ததுபோல் எனக்கு நினைவு. உண்மையில் எல்லாம் நான்கைந்து மூச்சுக்குள் முடிந்திருக்கும். சறுக்கிய மண் அடியில் கூழாகி, சமையலறையை நிரப்பி, கதவு வழியே கூடத்துக்குள் நாக்கை நீட்டி, நடுக்கூடத்தில் நின்றது.

முன்பக்கம் ஓடினேன். இந்த வயதில் ஓட முடியும் என்று தெரியாது. தங்கச்சி அஞ்சடியில் பாயின்மேல் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள்.

"என்னண்ணே, யாரு வீட்டுக்கு மணல் லோரி வந்துச்சு?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மாலைக்குள் கதை தீர்மானமாகிவிட்டது. அம்மன் தன் பிள்ளையை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டாள். கிராணியாரின் வாயில் வந்து உட்கார்ந்து உத்தரவு கொடுத்தாள். தலைவர் கண்கலங்கச் சொன்னார். என் பணிக்காலத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்புக்கும் இவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்து ஒப்புதல் கிடைத்ததில்லை.

மறுநாள் அலுவலகம் போனேன். இப்போது கட்டம் இருந்தது. டிக் செய்தேன். படங்கள் இணைத்தேன். மிச்சமிருக்கும் குன்று நின்றுவிட்டதா, இன்னும் வருமா என்பதை ஓர் அதிகாரி வந்து பார்த்து எழுத வேண்டும். வீடு ஆபத்தானது என்று எழுத்தில் வந்தால்தான் தங்கச்சி மாற்று வீட்டுக்கு மனு போட முடியும். தானாக வெளியேறினால் வீட்டைக் கைவிட்டதாகக் கணக்கு. இதுவும் விதிதான். ஆகவே அவள் போகவில்லை. முன்னறையில் படுத்தாள், அஞ்சடியில் சமைத்தாள். பின்னறைகளை மண்ணுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, "பேப்பர் வரட்டும்ணே," என்றாள்.

மார்கழி போனது. தை போனது. ஒவ்வொரு மழைக்கும் நான் எழுந்துபோய் அவள் வீட்டு முன்னால் நின்றேன். சிவந்த சுவரில் புதிய பிளவுகள், நரம்புகள்போல். மாசியில் ஒரு மதியம், மழை பிடித்திருந்தபோது, அவளிடம் சொன்னேன்.

"தங்கச்சி, பேப்பருக்குக் காத்திருக்காதே. போயிரு."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்கி சொன்னேனே, கருவாட்டு அடுப்பு, கால் நீட்டுறது. அப்படி ஒண்ணும் வழக்கம் கிடையாது. நானா சொன்னது."

அவள் இட்லித் துணியைப் பிழிந்து உதறினாள். "தெரியும்ணே. இந்த வீட்டுல நான் கருவாடே வாங்கறதில்லலா. இட்லிப் பானையில வாடை ஏறிரும்."

"பின்னே ஏன் வெளியே வந்தே?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தேன். செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நின்னீங்க. அம்மன் சொன்னாளோ ஆபீஸ் சொல்லுச்சோ, அந்த மூஞ்சி பொய் சொல்லலன்னு தோணுச்சு." துணியைப் பானைமேல் போட்டாள். "இப்பயும் அதே மூஞ்சிதான் வச்சிருக்கீங்க."

புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் தங்கை வீடு இருக்கிறது. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை நிலம். மாற்று வீட்டு மனு இனி இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைவர் தன் லோரியைக் கழுவி, குலை வாடை போக இரண்டு நாள் வெயிலில் நிறுத்திவைத்து, வாடகை கேட்காமல் கொண்டுவந்தார். மாவு அரைக்கும் கல் இயந்திரத்தை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தபோது, தபால்காரரின் மோட்டார் வந்து நின்றது.

நீண்ட உறை. அரசாங்கத் தாள். தங்கச்சி லோரியின் முன்னிருக்கையில் ஒரு காலை வைத்தவாறு திரும்பிப் பார்த்தாள்.

"என்னண்ணே எழுதியிருக்காங்க?"

படித்தேன். மலாய் மொழி, குற்றம் சொல்ல முடியாத இலக்கணம். புகார் கிடைத்தது என்றும், அக்கறைக்கு நன்றி என்றும், வரைபடத்தைப் பார்த்ததில் மேற்படி வீட்டின் பின்னால் சரிவு எதுவும் குறிக்கப்படவில்லை என்றும், ஆகவே குடியிருப்பவர் அச்சமின்றித் தொடர்ந்து வசிக்கலாம் என்றும் இருந்தது.

"ஒண்ணும் இல்ல. ஏறு," என்றேன்.

லோரி திருப்பத்தில் மறையும் வரை நின்றேன். பிறகு, முப்பது வருடப் பழக்கத்தில், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கடிதத்தின் வலது மேல் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, ஏப்ரல் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை.